வெள்ளிக் கம்பியும் தம்பியின் கையும்

குளோரைடு விஷயத்தில் எனக்கு முதல் நாளிலிருந்தே குழப்பம்தான். சாப்பாட்டு உப்பில் பாதி சோடியம், பாதி குளோரைடு. சோடியத்தைப் பற்றி ஊரே பேசுகிறது. ரத்தக்கொதிப்பு வந்தால் அதைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். குளோரைடை யாரும் திட்டுவதும் இல்லை, கண்டுகொள்வதும் இல்லை. நான் மட்டும் பன்னிரண்டு வருஷமாக அதன் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன்.

என் வேலை, செல்களின் மேல்தோலில் இருக்கும் குளோரைடு சேனல்களை அளப்பது. சேனல் என்றால் நுண்ணிய வாசல். உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் குளோரைடு அயனிகள் அதன் வழியே செல்லுக்குள் போகும், வரும். குளோரைடு எதிர்மின் ஏற்றம் உள்ளது. மின்னோட்டத்தின் திசையோ நேர்மின் ஏற்றம் போகும் திசை என்று என்றைக்கோ முடிவுசெய்து வைத்துவிட்டார்கள். ஆகவே குளோரைடு உள்ளே நுழைந்தால் நாங்கள் நோட்டில் 'வெளிநோக்கிய மின்னோட்டம்' என்று எழுத வேண்டும். வீட்டுக்குள் வந்த விருந்தாளியைப் பார்த்து 'கிளம்பிவிட்டார்' என்று எழுதிவைக்கிற மாதிரி. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் எழுதுமுன் பேனாவை நிறுத்தி, இடது கையை உள்ளே வெளியே என்று ஆட்டிப் பார்த்துக்கொள்கிறேன். ஆய்வகத்தில் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆய்வகம் சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுன் பக்கம். புக்கிட் பாத்தோக்கில் ரயில் ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, கூட்டத்தில் நசுங்கி வந்து சேர்ந்தால், குளிர்ந்த இருட்டறையில் ஒரு நுண்ணோக்கி காத்திருக்கும். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, கண்ணுக்குத் தெரியாத முனை செய்து, அதை ஒரு செல்லின் மேல் மெல்ல வைத்து, ரப்பர் குழாய் வழியே வாயால் லேசாக உறிஞ்ச வேண்டும். செல் முனையோடு ஒட்டிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் உறிஞ்சினால் அந்த இடத்தில் தோல் கிழியும். செல்லின் உள்பக்கம் என் கம்பியோடு சேர்ந்துவிடும். அதிகம் உறிஞ்சினால் செல் செத்துவிடும். பொறுமைசாலிகள் செய்ய வேண்டிய வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எப்படி இதில் வந்து மாட்டினேன் என்பது தனிக் குழப்பம்.

என் தம்பி கப்பல் பட்டறையில் வெல்டர். துவாஸ் பக்கத்தில் பட்டறையின் விடுதியில் தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சிராங்கூன் சாலையில் சந்திப்போம். சாப்பிடுவோம், ஊருக்குப் பேசுவோம், காய்கறி வாங்குவோம், ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போடுவோம். அப்படி ஒரு ஞாயிறு, லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் கதவு மூடப்போகிறது என்று இருவரும் ஓடினோம். நான் ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவன் பிளாட்பாரத்தில் பலகை சாய்வதுபோல் விறைப்பாக விழுந்துகொண்டிருந்தான். கையைக்கூட ஊன்றவில்லை. ரயில் என்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தபோது, நெற்றியில் புடைப்போடு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தான்.

"வழுக்கிடுச்சுக்கா."

"காஞ்ச தரையில என்னடா வழுக்கும்?"

நான் விடாமல் நச்சரித்த பிறகுதான் சொன்னான். திடீரென்று கிளம்பினால் கால் இறுகிக்கொள்ளுமாம். எதையாவது அழுத்திப் பிடித்தால் கை உடனே விரியாதாம். ஐந்தாறு தடவை மூடித் திறந்தால் சரியாகிவிடுமாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் விசில் ஊதியதும் அப்படியே நிற்பான். வாத்தியார் திமிர் என்று அடித்திருக்கிறார். நானே எத்தனை முறை 'சோம்பேறி' என்று சொல்லியிருப்பேன். இப்போது சாரத்தில் ஏறுவதற்கு முன் தினமும் யாரும் பார்க்காத இடத்தில் நின்று, கையையும் காலையும் பத்துப் பத்து தடவை மடக்கி நீட்டிவிட்டு ஏறுகிறானாம். சாரம் என்றால் எத்தனை மாடி உயரம் என்று கேட்டேன். அவன் எதிர்க் கட்டடத்தின் உச்சியைக் காட்டினான்.

அவன் சொல்லச் சொல்ல எனக்கு வேறொன்றும் உள்ளே ஓடியது. ஓய்வாக இருக்கும் தசையை அமைதியாக வைத்திருப்பதே குளோரைடு சேனல்தான். ஒவ்வொரு சேனலிலும் பக்கம் பக்கமாக இரண்டு வாசல்கள். அவை சரியாக வேலை செய்யாவிட்டால், மூளை 'போதும்' என்று நிறுத்திய பிறகும் தசை தன் போக்கில் துடித்துக்கொண்டே இருக்கும், இறுகியது இளகாது. நான் அப்போது இருட்டறையில் அளந்துகொண்டிருந்ததே அந்தத் தசைச் சேனலைத்தான்.

"டாக்டர்ட்ட போலாம்டா."

"போனா ஷிப்யார்டுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் மேல ஏத்த மாட்டாங்க. நான் வெல்டர்க்கா. கீழ நின்னு என்ன பண்ணுவேன்?"

அப்போது நான் அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அதற்குப் பதில், "டாக்டர் எதுக்கு? நானே பாத்துச் சொல்றேன்" என்றேன். எவ்வளவு தலைக்கனம்! அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவன் எச்சிலைக் குப்பியில் பிடித்து, மரபணுச் சோதனை செய்யும் ஒரு தனியார் கூடத்துக்கு அனுப்பினேன். தசைச் சேனலின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதன் பக்கத்திலேயே, இதற்கு என்ன பொருள் என்று உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். நல்லது, அதை நான் உறுதிசெய்கிறேன் என்று அந்த மாற்றத்தை என் ஆராய்ச்சிப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். மேலதிகாரியிடம் அது யாருடையது என்று சொல்லவில்லை. அதே மாற்றம் உள்ள சேனலை வளர்ப்புச் செல்களில் உண்டாக்கி அளக்க ஆரம்பித்தேன். தம்பியின் பெயரை நோட்டில் எழுதவில்லைதான். ஆனால் அந்தச் செல்களைப் பார்க்கும்போதெல்லாம் அவனையே நுண்ணோக்கிக்கு அடியில் படுக்கவைத்த மாதிரி இருந்தது.

சோதனை இதுதான். செல்லைச் சுற்றியுள்ள திரவத்தில் குளோரைடைக் குறைத்துவிட்டு, அதன் இடத்தில் வாசலுக்குள் நுழைய முடியாத பெரிய அயனி ஒன்றைப் போட வேண்டும். குளோரைடை மட்டும் விடும் நல்ல சேனலாக இருந்தால், திரையில் மின்னோட்டக் கோடு பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளி வலப்பக்கம் நன்றாக நகரும். சில மாதங்களுக்கு முன் சாதாரணச் சேனலை அளந்தபோது அழகாக நகர்ந்தது. தம்பியின் சேனலில் நகரவே இல்லை. ஒரு செல், இரண்டு செல், பத்து செல் பார்த்தேன். புள்ளி அசையாமல் நின்றது. குளோரைடு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற மாதிரி. அப்படியானால் வாசல் கெட்டுவிட்டது, எது வந்தாலும் விடுகிற ஓட்டையாகிவிட்டது என்று முடிவுசெய்தேன்.

அடுத்த ஞாயிறு இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவனிடம் சொன்னேன். "உன் சேனல் கெட்டுப்போயிருக்குடா. நானே அளந்தேன்."

"அப்ப சோம்பேறித்தனம் இல்லல்ல?" என்றான் அவன்.

"இல்லடா. சத்தியமா இல்ல."

மறுநாள் காலையிலேயே அவன் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளரிடம் போய்த் தானாகவே சொல்லிவிட்டான். என்னைக் கேட்டிருந்தால் பொறு என்றிருப்பேன். அவனைச் சாரத்திலிருந்து இறக்கிக் கருவிகள் கொடுத்து வாங்கும் அறையில் உட்காரவைத்தார்கள். டாக்டர் கடிதம் கொண்டுவா, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். "அக்கா சயின்டிஸ்ட், அவங்களே டெஸ்ட் பண்ணிட்டாங்க" என்று இவன் அங்கே பெருமையாகச் சொன்னானாம். கேட்டபோது எனக்கும் உள்ளூர இனித்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, சாதாரணச் சேனலையும் அதே நாளில் அதே மேசையில் பக்கத்துப் பக்கமாக அளந்து காட்டு என்றார் மேலதிகாரி. வழக்கமான கோரிக்கைதான். அளந்தேன். சாதாரணச் சேனலிலும் புள்ளி நகரவில்லை.

திரவத்தை மாற்றிக் கலந்தேன். வேறு செல்களை எடுத்தேன். மின்னோட்டத்தைப் பெருக்கும் கருவியை அணைத்துப் போட்டேன். கணக்கில் கூட்டல் கழித்தல் குறியை மாற்றிவிட்டேனோ என்று பழைய நோட்டுகளை எல்லாம் பரப்பிப் போட்டுக்கொண்டு கையை உள்ளே வெளியே என்று ஆட்டினேன். உலகத்தில் எல்லாருடைய சேனலும் ஒரே நாளில் கெட்டுப்போக முடியுமா? இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் எங்கள் டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார். சிராங்கூன்வாசி, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சின் முடிவில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். செல் வைக்கும் கிண்ணத்தை ஒரு தடவைதான் பார்த்தார்.

"ஜெல்லி டியூப் எங்க லா?"

"எது?"

"உங்க ஒயர் நேரா கிண்ணத்துத் தண்ணியிலயே நிக்குது பாருங்க."

நான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். அளப்பதற்கு இரண்டு கம்பி வேண்டும். ஒன்று செல்லுக்குள், இன்னொன்று வெளித் திரவத்தில். இரண்டும் குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பிகள். அந்தக் கம்பிக்கே குளோரைடு தெரியும். சுற்றிலும் குளோரைடு குறைந்தால் அதன் மின்னழுத்தம் மாறிவிடும். அதனால் வெளிக்கம்பியைத் தனிக் குழியில் மாறாத உப்புத் தண்ணீரில் வைத்து, உப்புப் போட்டுக் காய்ச்சிய அகர் அகர் ஜெல்லி நிரப்பிய வளைந்த குழாயால் கிண்ணத்தோடு இணைப்போம். இங்கே வீட்டு விசேஷங்களில் கலர் கலராக வெட்டி வைப்பார்களே, அதே அகர் அகர்தான். அந்தக் குழாய் இல்லாமல் கம்பியை நேராகத் திரவத்தில் போட்டால், சேனல் புள்ளியை எவ்வளவு வலப்பக்கம் தள்ளுகிறதோ, கம்பி அதே அளவு இடப்பக்கம் இழுத்துவிடும். தராசில் எடையை வைக்கும்போதே தட்டை யாரோ அடியில் தாங்கிப் பிடித்த மாதிரி. குளோரைடை மிகச் சரியாகப் பிரித்தறிகிற சேனல்தான் அதில் துளியும் அசையாமல் நிற்கும். நான் கெட்டுப்போனது என்று சொன்னது, நல்லது என்பதற்கான அடையாளம்.

குழாய் எங்கே போயிற்று என்றும் நினைவு வந்தது. பாதுகாப்புச் சோதனை வருகிறது என்று குளிர்சாதனப்பெட்டியைச் சுத்தம்செய்யும் முறை என்னுடையதாக இருந்தது. பெயர் ஒட்டாமல் பொருள் வைக்கிற ஜென்மங்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, பெயரில்லாத எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். அதில் ஓர் ஊறுகாய் போத்தலும் இருந்தது. அதற்குள் மிதந்தவை என் ஜெல்லிக் குழாய்கள். பெயர் ஒட்டாத ஜென்மம் நான்தான். அப்புறம் புதிது காய்ச்ச நேரமில்லாமல், இன்றைக்கு ஒரு நாள் என்று கம்பியை நேராகப் போட்டேன். அன்று குளோரைடை மாற்றாத சோதனை, ஒன்றும் கெடவில்லை. மறுநாளும் அப்படியே விட்டேன். பிறகு கண்ணுக்கு அது பழகிவிட்டது.

புதிதாக ஜெல்லி காய்ச்சினேன். தம்பியின் சேனலை மறுபடி அளந்தேன். புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது, மற்றவர்களுடையது போலவே. டெக்னீஷியன் பின்னால் நின்று, "செலக்டிவிட்டி ஓகே. ஆனா கதவு எப்ப திறக்குதுன்னு பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. வாசல் எதை விடுகிறது என்பது ஒன்று. வேண்டிய நேரத்தில் திறக்கிறதா என்பது வேறொன்று. அதற்கு இன்னும் பல வாரம் ஆகும். ஆக, எனக்கு என்ன தெரியும்? அவனிடம் சொன்னது தவறு என்று தெரியும். அவனுக்கு ஒன்றுமில்லை என்று தெரியாது. ஏதோ இருக்கிறது என்றும் தெரியாது. ஒருவேளை நான் சொன்னதே சரியாகவும் இருக்கலாம், வேறொரு காரணத்தால். நான் அழுதேன். அவனை நினைத்தா, என் மானத்தை நினைத்தா என்று அதுவும் சரியாகத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு சொல்லிவிட்டேன். கடையில் உட்காரக்கூட இல்லை. வெளியே நடைபாதையிலேயே, கூட்டம் இடித்துக்கொண்டு போக, கம்பி, ஜெல்லி, குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினான்.

"அக்கா, எனக்கு அதெல்லாம் புரியல. கெட்டுப்போச்சா, இல்லியா?"

"நான் பாத்தது தப்பு. அந்த விஷயத்துல அது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல?"

"அப்படியும் சொல்ல முடியலடா."

"அப்ப நான் மேல ஏறவா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மேலே ஏறும் வேலை போனதற்கான கோபம் அல்ல அது. "மூணு வாரமா ஸ்டோர்ல எல்லாரும் கேக்குறாங்க. பாக்க நல்லாத்தானே இருக்க, உயரத்துக்குப் பயந்து நடிக்கிறியான்னு. எங்கக்கா அளந்து பாத்துருக்குன்னு சொல்லிட்டு இருந்தேன். இப்ப என்ன சொல்றது?" என்றான்.

"டாக்டர்ட்ட போலாம்," என்றேன். முதல் நாளே முடித்திருக்க வேண்டிய வாக்கியம். இந்த முறை அவன் மறுக்கவில்லை. என்னிடம் நம்பிக்கை போய்விட்டதால் சம்மதித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனோம். நரம்பு மருத்துவர் சின்னப் பெண், சீனப் பெண். நான் கோப்பு நிறைய வரைபடங்களைக் கொண்டுபோயிருந்தேன். அவர் மரியாதைக்கு முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு மேசை ஓரத்தில் வைத்தார். தம்பியைப் படுக்கச் சொன்னார். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையில் மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, அதன் கம்பியை ஓர் ஒலிபெருக்கியோடு சேர்த்தார். கையைத் தளர்வாக வைக்கச் சொல், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அவன் தளர்வாகத்தான் வைத்திருந்தான். ஊசியை அவர் லேசாக அசைத்தார்.

அறை முழுக்கச் சத்தம் கிளம்பியது. நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் ஆக்ஸிலரேட்டரை யாரோ முறுக்கி விட்டு, முறுக்கி விட்டு விளையாடுவது போல ஏறி, இறங்கி, ஏறி, மெல்லத் தேய்ந்து அடங்கியது. கை அசையவே இல்லை. நான் வருஷக்கணக்கில் திரையில் கோடுகளாக மட்டும் பார்த்த விஷயம், சத்தம் போடும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். கேட்டதில்லை.

மருத்துவர் தலையாட்டினார். சந்தேகமே இல்லை, தசை இளகாத நோய்தான் இது, மாத்திரை இருக்கிறது, இப்போதைக்கு உயரத்தில் வேலை வேண்டாம் என்று கடிதம் தருகிறேன் என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சேனல் ஏன் இப்படிச் செய்கிறது என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. முழுதாக இன்றும் புரியவில்லை. மேசை ஓரத்தில் என் வரைபடங்கள் கிடந்தன. அவற்றை எடுத்துப் பைக்குள் திணித்தேன்.

தம்பி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"இந்தச் சத்தம் எல்லாருக்கும் வருமாக்கா?"

மருத்துவரைக் கேட்டேன். இல்லை, சும்மா இருக்கும் தசையில் ஊசியை அசைத்தால் கரகரவென்று நொடியில் அடங்கிவிடும், அப்புறம் நிசப்தம்தான் என்றார். அதை அவனிடம் சொன்னேன். அவன் தலையைத் திருப்பி அந்தக் கறுப்பு ஒலிபெருக்கியையே பார்த்தான். ஊசி இன்னும் கையில் இருந்தது. வலித்திருக்கும், நெற்றி வேர்த்திருந்தது.

"இன்னொரு தடவ போடச் சொல்லுக்கா," என்றான். "போன்ல பிடிச்சு வச்சுக்கறேன். ஸ்டோர்ல கேட்டா போடலாம்."